டீச்சர் பதில்கள்: கோச்சியில் வந்த பாடம்

எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். இடப்பெயர்வுக்கான காரணங்கள் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் வறுமை, வேலை, போர், வெள்ளம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். விளைவுகளும் அப்படித்தான். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் வகுப்பே கப்சிப். எப்படி நடத்தினீர்கள் நீங்கள்?
*ஆசிரியை, பல்லடம்*

நானும் பத்து வருஷம் அப்படித்தான் நடத்தினேன். போர்டின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் காரணம், வலப்பக்கம் விளைவு. பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள், மார்க்கும் வாங்கிவிடுவார்கள். தப்பு அந்த நடுக்கோட்டில் இருக்கிறது என்று எனக்கு உறைக்க நாளாயிற்று. இத்தனைக்கும் அந்தக் கோட்டைத் தாண்டி வந்தவள் நான். என் கதையையே பாடமாக வைத்த பிறகுதான் வகுப்பு கண் விழித்தது. அதை அப்படியே சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் முதலில் வந்தது தேயிலை இல்லை, காப்பி. 1830களிலிருந்து மலையில் காட்டை வெட்டிக் காப்பித் தோட்டம் போட்டார்கள். காப்பிக்குப் பழம் பறிக்கிற சில மாதங்கள்தான் ஆள் நிறைய வேண்டும். அதனால் திருச்சி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் கங்காணி என்ற ஆள்பிடிக்கும் மேஸ்திரியோடு போவார்கள், பறிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவார்கள். ராமநாதபுரம் கரையில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்துப்போனவர்கள் ஏராளம். பிழைத்தவர்கள் அடுத்த வருஷம் மறுபடி போனார்கள். ஏன் போனார்கள் என்று இந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்கள். "பசி டீச்சர்" என்பார்கள். சரிதான். முன்பணம் என்றும் ஒருவன் சொல்வான். அவனைத் தட்டிக்கொடுங்கள். கங்காணி கொடுத்த கடன் காலைக் கட்டியது. 'துண்டு' என்று ஒரு சீட்டு உண்டு. எவ்வளவு கடன் பாக்கி என்று அதில் எழுதியிருக்கும். அதை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். 1921 வரை இது இருந்தது.

இனி கதையில் ஒரு பூஞ்சை வருகிறது. 1869ல் காப்பி இலையில் ஆரஞ்சு நிறத்தில் துரு மாதிரி ஒரு நோய் கண்டது. இருபது வருஷத்துக்குள் இலங்கையின் காப்பி படுத்துவிட்டது. துரைமார்கள் தேயிலைக்கு மாறினார்கள். அதற்கு முன்பே, 1867ல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார், அது கை கொடுத்தது. காப்பி போய்த் தேயிலை வந்தால் என்ன பெரிய வித்தியாசம்? பிள்ளைகளைக் கொஞ்சம் யோசிக்க விடுங்கள். தேயிலையில் வாரம் பத்து நாளுக்கு ஒரு தரம், வருஷம் பூராவும், கொழுந்து எடுத்தாக வேண்டும். வந்துபோகிற ஆள் அதற்கு உதவாது, குடியிருக்கிற ஆள் வேண்டும். ஆண் மட்டும் போதாது, பெண்களும் வேண்டும். ஆக குடும்பம், லயம் என்ற வரிசை வீடுகள், பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள். நடுவில் 1876-78 தாது வருஷப் பஞ்சம் இந்தப் பக்கத்திலிருந்து ஆளைத் தள்ளிவிட்டது. என் அம்மாயியின் தாத்தா முசிறிப் பக்கத்திலிருந்து போனது அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு என்று வீட்டில் சொல்வார்கள்.

போனவர்கள் அங்கேயே தங்கினார்கள். தங்கியதால் ஓட்டு வந்தது. எண்ணிக்கை கூடியதால் பயமும் வந்தது. 1948ல் சுதந்திர இலங்கை போட்ட குடியுரிமைச் சட்டத்தில் தோட்டத்து ஜனங்கள் லட்சக்கணக்கில் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்று ஆனார்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974ல் ஆளுக்குப் பாதி, 75,000 என்று பிரித்தார்கள். கணக்கு நோட்டில் மீதி எழுதுகிற மாதிரி.

அந்த 5,25,000 கணக்கில் நானும் ஒரு எண். 1970ல், ஒன்பது வயதில், ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, ராமேஸ்வரத்தில் இறங்கினேன். அப்புறம் மண்டபம் முகாம். கையில் குடும்ப அட்டை, ஒரு தகரப்பெட்டி, அதில் அம்மாயி கட்டிவைத்த தேயிலைத்தூள்.

வகுப்பில் இதை எப்படிச் செய்வது? துண்டுக் காகிதங்களில் 'காப்பிப் பூஞ்சை', 'தாது வருஷம்', 'முன்பணம்', 'தேயிலை', 'லயம்', '1948 சட்டம்', '1964 ஒப்பந்தம்', 'ராமேஸ்வரம் கப்பல்', 'நீலகிரி' என்று எழுதி ஒன்பது பிள்ளைகள் கையில் கொடுங்கள். ஒரு சணல் கயிற்றை வரிசையாகப் பிடிக்கச் சொல்லுங்கள். நீலகிரி எதற்கு என்று கேட்பார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968ல் அரசு அங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கியது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்றைக்கும் 'சிலோன்காரங்க' என்று சொன்னால் யாரென்று தெரியும். இப்போது கேளுங்கள்: "காரணம் கையில் இருக்கிறவங்க மட்டும் உட்காருங்க." ஒருவரும் உட்கார மாட்டார்கள், இல்லாவிட்டால் எல்லாரும் உட்காருவார்கள். 'லயம்' வைத்திருந்த ஒரு பையன் ஒருமுறை, "டீச்சர், நான் இந்தப் பக்கம் விளைவு, அந்தப் பக்கம் காரணம்" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினான். அன்றைக்கு நான் போர்டில் எதுவும் எழுதவில்லை.

பரீட்சைக்கு அட்டவணை கேட்பார்கள், அதை அடுத்த நாள் எழுதிப் போடுங்கள். மார்க் முக்கியம், அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

'தள்ளும் காரணி, இழுக்கும் காரணி' என்று கண்டுபிடித்தது யார்? டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறேன்.
*ஒரு வாசகர், தேனி*

ஒருவர் பெயரில் முடிக்க முடியாது. ராவன்ஸ்டைன் 1885ல் 'இடப்பெயர்வின் விதிகள்' என்று பிரிட்டன் மக்கள்தொகைக் கணக்கை வைத்து எழுதினார். பெரும்பாலோர் கிட்டத்து ஊருக்குத்தான் போகிறார்கள், ஒரு பக்கம் ஓட்டம் இருந்தால் எதிர்ப்பக்கமும் ஒரு ஓட்டம் இருக்கும், குறைந்த தூரத்துக்கு ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் பெயர்கிறார்கள் என்பவை அவருடையவை. பழைய ஊர் தள்ளுவது, புது ஊர் இழுப்பது, நடுவில் நிற்கும் தடைகள் என்று 1966ல் ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர் எவரெட் லீ. எல்லாரும் விட்டுவிடுவது அந்த 'நடுவில் நிற்கும் தடை'யைத்தான். என் அனுபவத்தில் பாதிப் பாடம் அதில் இருக்கிறது. கப்பல் கட்டணம், பாஸ்போர்ட், மொழி, தெரிந்தவர் ஒருவர் இல்லாமை. பசித்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிடுவதில்லை. ரொம்பப் பசித்தவர்களிடம் டிக்கெட்டுக்குக் காசு இருக்காது.

என் வகுப்பில் நாற்பது பேரில் பதினோரு பேர் ஒடிசா, பீகார் பிள்ளைகள். இந்தப் பாடத்துக்கு அவர்களையே எழுப்பித் தங்கள் கதையைச் சொல்லச் சொன்னால் நேரடி அனுபவமாக இருக்குமே?
*புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர், திருப்பூர்*

வேண்டாம் தம்பி. நான் செய்து, பட்டுத் தெரிந்துகொண்டது இது.

ஆறாம் வகுப்பில் ஒரு ஒடியாப் பிள்ளை. வந்து ஆறு மாதத்தில் கொங்குத் தமிழ் சுத்தமாகப் பேசும், "ஏனுங் டீச்சர்" என்றுதான் ஆரம்பிக்கும். அப்பா அம்மா இருவரும் பனியன் கம்பெனி. நான் ஏதோ பெரிய ஐடியா என்று நினைத்து, "உங்க ஊரை விட்டு ஏம்மா வந்தீங்க? எல்லாருக்கும் சொல்லு" என்றேன். எழுந்து நின்றது. "தெரியாதுங் டீச்சர்" என்றது. குனிந்த தலை நிமிரவில்லை. இரண்டு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா வந்து, பாதித் தமிழும் பாதிச் சைகையுமாகச் சொன்னாள். மூத்த பையனின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடன், அந்தக் கடனுக்காக நிலத்தை எழுதிக்கொடுத்தது, பையனும் பிழைக்காதது. இதையா அந்தக் குழந்தை பெஞ்சு முன்னால் நின்று சொல்லியிருக்க வேண்டும்?

எனக்கு ரொம்ப வெட்கமாகப் போனது. ஏனென்றால் 1970ல் என்னையும் ஒரு வாத்தியார் இதே மாதிரி எழுப்பினார். "எப்படி வந்தே?" என்றார். "கோச்சியில வந்தோம் சேர்" என்றேன். ரயிலுக்கு எங்கள் தோட்டத்தில் கோச்சி என்றுதான் பேர். வகுப்பே சிரித்தது. 'கோச்சி' எனக்குப் பட்டப்பெயராகி எட்டாம் வகுப்பு வரை கூடவே வந்தது. ரொட்டியைப் பாண் என்று ஒருமுறை சொன்னதற்கு இன்னொரு பட்டப்பெயர். அந்த நிற்கும் இடம் எப்படி இருக்கும் என்று தெரிந்த நானே இன்னொரு பிள்ளையை அங்கே நிறுத்தினேன்.

அதனால் யாருக்கும் வலிக்காத இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கேள்வி: "உங்க அம்மா பிறந்த ஊரும் நீங்க இப்ப இருக்கிற ஊரும் ஒண்ணா?" திருப்பூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அப்போது வரைபடத்தில் நூல் கட்ட வேண்டியிருக்கும். உசிலம்பட்டி, தாராபுரம், வேடசந்தூர், ஒடிசாவின் பலாங்கீர் எல்லாம் ஒரே வரைபடத்தில் வரும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி, முன்பு இருந்த ஊரை விட்டு வேறு ஊரில் இருப்பவர்கள் இந்தியாவில் 45 கோடிக்கு மேல். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் கல்யாணம். நம் பிள்ளைகளுக்கு இது சிரிப்பாக இருக்கும். "எங்கம்மா இடம்பெயர்ந்தவங்களா?" ஆமாம், உங்கள் அம்மாவும்தான். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்கச் சொல்லுங்கள்: புது ஊரில் முதல் மாதம் எது கஷ்டமாக இருந்தது? தண்ணீர் ருசி என்று எழுதி வந்தவர்கள் அதிகம். பேச ஆள் இல்லை என்பது அடுத்தது.

அந்த ஒடியாப் பிள்ளையும் நூல் கட்டினாள். கேட்காமலே சொன்னாள், ஊரில் நுவாகாய் என்று புதுநெல் பண்டிகை, அது முடிந்ததும்தான் ஆட்கள் வெளியூர் கிளம்புவார்கள் என்று. "எங்களுக்குத் தை மாசம் மாதிரி" என்று பக்கத்துப் பெஞ்சு சொன்னது. நான் வாயே திறக்கவில்லை.

வடக்கத்திக்காரர்கள் வந்து நம் ஆட்களின் கூலியைக் குறைத்துவிட்டார்கள். உங்களைப் போன்ற டீச்சர்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் மறைப்பது ஏன்?
*பெயர் வேண்டாம் என்ற வாசகர், அவிநாசி*

மறைக்கவில்லை ஐயா. இந்தக் கேள்வி வகுப்பிலும் வரும், வீட்டில் கேட்டதைப் பிள்ளை வந்து சொல்லும். அதட்டி உட்கார வைத்தால் அது அங்கேயே புளித்துக் கிடக்கும். நான் அதையும் போர்டில் எழுதிவிடுவேன்.

உங்கள் பயத்தில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. ஆள் நிறையக் கிடைத்தால் கூலி பேசுகிற பலம் குறையும், அது உண்மை. ஆனால் கூலியை நிர்ணயிப்பது யார் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். "வந்தவங்க" என்று ஒருவரும் சொல்லவில்லை. "முதலாளி", "யூனியன்", "வெளிநாட்டு ஆர்டர்" என்றார்கள், பனியன் கம்பெனி வீட்டுப் பிள்ளைகள் அல்லவா. ஒரே வேலைக்கு உள்ளூர் ஆளுக்குக் கொடுப்பதைவிடக் குறைவாக வெளிமாநில ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 1979லேயே சட்டம் வந்தது. அது நடந்திருந்தால் மலிவுக்கு ஆள் கூட்டிவருவதில் லாபமே இருந்திருக்காது. கோபத்தைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

இன்னொன்றும் வகுப்பில் சொல்வேன். 1960களின் கடைசியில் பம்பாயில் 'மதராசி'கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று ஒரு கட்சியே கிளம்பியது. 'லுங்கியை விரட்டு' என்பது கோஷம். அந்த லுங்கி கட்டியிருந்தவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. இதைக் கேட்டதும் வகுப்பில் முதலில் ஒரு கோபம் வரும், "அவங்க எப்படி நம்மைச் சொல்லலாம்?" என்று. கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒரு பிள்ளை ஜன்னல் பக்கம் பார்க்கும். அந்த நேரத்தில் நான் டஸ்டரை எடுத்துப் போர்டைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்றில்லை. 2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்த பிறகு, வெளிமாநிலத் தொழிலாளர்களில் பலர் ஊருக்குப் போய்விட்ட அந்த மாதங்களில், எங்கள் தெரு முனையில் இருந்த கம்பெனியின் ஓவர்லாக் மெஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. திறந்த பிறகும் ஒன்றரை ஷிப்டுக்கு ஆள் தேடி மேனேஜர் அலைந்ததைப் பார்த்தேன். அவர் உள்ளூரிலும்தான் தேடினார்.

இடம்பெயர்ந்தோர், புலம்பெயர்ந்தோர், அகதி: பரீட்சையில் எதை எழுதுவது?
*ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஈரோடு*

கண்ணு, கேள்வித்தாளில் எந்தச் சொல் இருக்கிறதோ அதையே எழுது. அதுதான் பத்திரம்.

வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால்: இடம்பெயர்வு பொதுச்சொல், ஈரோட்டிலிருந்து கோயமுத்தூர் போனாலும் அதுதான். அகதி என்பதற்குச் சட்டத்தில் தனி அர்த்தம் உண்டு. இனம், மதம், அரசியல் கருத்து மாதிரியான காரணத்துக்காகத் துன்புறுத்துவார்கள் என்ற பயத்தில் சொந்த நாட்டை விட்டு வெளியே வந்தவர் என்று 1951ல் ஐ.நா. உடன்படிக்கை சொன்னது. இந்தியா அதில் கையெழுத்துப் போடவில்லை.

எங்களை ஊரில் 'அகதிங்க' என்றார்கள். அம்மாயிக்கு ஆகவே ஆகாது. நாங்கள் இந்தியக் குடிமக்களாகத்தான் வந்தோம், அரசுக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'. அதையும் அம்மாயி ஒப்புக்கொள்ளவில்லை. "நான் பொறந்தது ஹட்டன்ல. வராத ஊருக்கு எப்படிடி திரும்புறது?" என்று கேட்கும். சொல்லைக் கவனித்துப் பார்க்க அந்தக் கிழவியிடம்தான் கற்றேன்.

புலம்பெயர் என்பது பழைய சொல். பட்டினப்பாலையில் 'புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்' பட்டினம் என்று காவிரிப்பூம்பட்டினத்தைச் சொல்கிறது. இன்றைக்கு நாம் அந்தச் சொல்லை வெளியே போன தமிழர்களுக்கு வைத்திருக்கிறோம். அந்தப் பாட்டில் அது வேற்று மொழி பேசிக்கொண்டு நம் ஊருக்கு வந்து குடியிருந்தவர்களைக் குறிக்கிறது. அவிநாசி வாசகர் இந்தப் பக்கத்தையும் படிப்பார் என்று நினைக்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் வேலை செய்யும் குடும்பத்தின் எட்டு வயதுப் பெண்ணைச் சேர்க்கப் போனோம். மாற்றுச் சான்றிதழ் இல்லை, வருஷ நடுவில் முடியாது என்று ஒரு பள்ளியில் திருப்பி அனுப்பினார்கள். சரியா?
*வாசகி, காங்கேயம்*

சரியில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் இரண்டும் இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ சேர்க்க மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போனதைத் தனிப் பயிற்சி கொடுத்து ஈடுகட்ட வேண்டும். வருஷ நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயது என்றால் மூன்றாம் வகுப்பு. தமிழ் தெரியாது என்று ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

இந்தப் பாடத்துக்குக் களப்பயணம் என்றால் எங்கே கூட்டிப்போவது? அருங்காட்சியகம் ஏதாவது?
*மீண்டும் பல்லடம் ஆசிரியை*

அருங்காட்சியகம் எதற்கு? உங்களுக்குத் திருப்பூர் ரயில் நிலையம் பக்கம். ஒடிசா வழியாகப் போகிற தன்பாத் எக்ஸ்பிரஸ் வரும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். பொதுப்பெட்டியில் ஏறுகிறவர்களின் மூட்டைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வரும்போது என்ன சாமான், போகும்போது என்ன சாமான் என்று நோட்டில் எழுதட்டும். ராவன்ஸ்டைன் சொன்ன எதிர் ஓட்டம் அங்கே பிளாட்பாரத்திலேயே தெரியும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி பஸ் ஸ்டாண்டில் தேனிக்கும் மதுரைக்கும் நிற்கிற கூட்டத்தையும், அடுத்து வரும் சட் பூஜைக்குப் பீகார் கிளம்புகிற கூட்டத்தையும் ஒப்பிட்டால் இன்னும் நல்லது, ஆனால் அந்த நெரிசலில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் மளிகைக் கடைகள். கடுகெண்ணெய், 'சத்து' என்கிற வறுத்த கடலை மாவு எந்தக் கடையில், எந்த வருஷத்திலிருந்து விற்கிறார்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்கட்டும். அவரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவராகத்தான் இருப்பார், அது இரண்டாவது கேள்வி. கடைப் போர்டில் எத்தனை மொழி எழுத்துகள் என்று எண்ணட்டும்.

பயணிகளைப் பேட்டி எடுக்க வேண்டாம், போட்டோவும் வேண்டாம். யாராவது தானாகப் பேசினால் கேட்டுக்கொள்ளலாம். அப்புறம், பிளாட்பார டிக்கெட் எடுக்க மறந்துவிடாதீர்கள். நான் மறந்து, முப்பத்தெட்டுப் பிள்ளைகளோடு டி.டி.இ. முன்னால் நின்றிருக்கிறேன்.